எதில் செய்த பாட்டில் என்று எழுதச் சொல்லுங்கள்

சிவகங்கை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். பச்சைப் பிள்ளைகளின் பால் பவுடர், பால் பாட்டில் விற்பனைக்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பால் பாட்டிலை விற்கக் கூடாது, மீறினால் 3 ஆண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது. பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் சேர்ந்த பிளாஸ்டிக்கில் பால் பாட்டில் செய்யக் கூடாது என்று 2015-இல் தர விதி மாறியதும் உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் எப்படி, நம் காரைக்குடிக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பாட்டில்களில் முத்திரையும் இல்லை, என்ன பிளாஸ்டிக் என்ற ஒரு வரியும் இல்லை? கரடி பொம்மை மட்டும் பளிச்சென்று இருக்கிறது.

நான் கண்டனூரில் இருக்கிறேன். மருமகள் ஜவுளிக்கடை வேலைக்குத் திரும்பிவிட்டாள். தாய்ப்பால் போக மீதிக்குப் பவுடர் பால் கொடுக்கச் சொன்னது மருத்துவர்தான். பேரனுக்கு மருமகளின் பிறந்த வீட்டார் கொடுத்த வெள்ளிப் பாலாடையில்தான் முதலில் புகட்டினேன். அரசு மருத்துவமனை நர்ஸம்மாவும் பாலாடையே நல்லது, கழுவச் சுலபம் என்றார். ஆனால் நாலு மாதத்துக்கு மேல் பிள்ளை கையைத் தட்டிவிடுகிறான். பாதிப் பால் சட்டையில். பாட்டிலுக்கு வந்தோம்.

அந்த பாட்டிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தினம் எவர்சில்வர் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். கொஞ்ச நாளில் பளபளப்பு போய்ப் பால் படிந்த மாதிரி வெளுத்தது. வாய்ப்பக்கம் ஒரு சீமெண்ணெய் வாடை. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன், பக்கத்தில் அச்சடித்திருந்த அளவுக் கோடு விரலோடு வர ஆரம்பித்தது. முதலில் 60 போனது, அடுத்து 90. தண்ணீர் எவ்வளவு என்பது கண் மதிப்பாகிவிட்டது. பிள்ளைக்கு வெளிக்குப் போவது கட்டிக்கொண்டு, முக்கி முக்கி அழுதான். மருத்துவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதில் எதை வைத்தம்மா அளந்தீர்கள்?” என்றார். பவுடருக்குத் தண்ணீர் குறைந்தால் பச்சைப் பிள்ளையின் சிறுநீரகத்துக்குப் பாரம் என்றும் சொன்னார். கோடு நிற்காத பாட்டிலை விற்றவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சரி, கண்ணாடிக்கு மாறலாம் என்று கடை கடையாக ஏறினால், “அதெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறாங்க” என்பதுதான் பதில். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்தக் காலத்துக் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு கண்ணாடி பாட்டில் ஊரில் இல்லை. கடைசியில் மகன் மதுரையிலிருந்து வாங்கி வந்தான், போரோசிலிகேட் என்கிற சூடு தாங்கும் கண்ணாடி. கொதிநீருக்கு அசையாது, வாடை பிடிக்காது, கோடும் அழியவில்லை. ஆனால் கனம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கைதவறினால் சில்லுச் சில்லாகிவிடும். பிள்ளை தானாகப் பிடித்துக் குடிக்கும் வயதில் அதைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது.

அதனால் பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாட்டிலில் பிஸ்பீனால் இல்லை. அதிலும் சூடு பட்டால் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் பாலில் இறங்குகின்றன என்று 2020-இல் அயர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள், லிட்டருக்கு 1.6 கோடித் துகள் வரை. அதற்கும் வழி உண்டு. எவர்சில்வர் டம்ளரில் பாலைக் கலக்கி, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றினால் துகள் வெகுவாகக் குறையும். இதெல்லாம் செய்யத் தாய்மார்கள் தயார். ஆனால் கையில் இருப்பது பாலிபுரொப்பிலீனா, பிஸ்பீனால் சேர்ந்ததால் தடை செய்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கா என்றே தெரியாதபோது எதைத் தேர்ந்தெடுப்பது? முத்திரை இல்லாத பாட்டிலைக் கடையிலிருந்து எடுங்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

ஓட்டல் சால்னாவில் நிறம் கலந்தால் அன்றைக்கே வருகிறீர்கள், படம் பத்திரிகையில் வருகிறது. வர வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. பெரியவர்கள் பிடிக்காவிட்டால் துப்பிவிடுவோம். பால் பாட்டில் விஷயத்தில் வாய் திறந்து சொல்ல முடியாத பிள்ளைக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? பாட்டிலுக்கு இலவசம், சலுகை என்று ஆசை காட்டி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆனால் ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அட்டை கடை வாசலிலேயே தொங்குகிறது. அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்க் கடைகளுக்கும் சந்தைகளுக்கும் ஒரு முறை வாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பாட்டிலை எடுத்துவிடுங்கள். எதில் செய்தது என்று பெட்டியில் தமிழில் எழுதியிருப்பதை மட்டும் வாங்கி விற்கும்படி வணிகர்களிடம் சொல்லுங்கள். கண்ணாடி பாட்டிலும் நாலு வைக்கச் சொன்னால் புண்ணியமாகப் போகும். எந்தெந்தக் கடையில் என்ன எடுத்தீர்கள் என்பதை அங்கன்வாடிப் பலகையில் ஒட்டினால், அடுத்து பாட்டில் வாங்கப் போகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கண்டனூரிலிருந்து ஒரு அப்பத்தா