காலேஜா, வேலையா: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புத் தோழி,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூரிலேயே வேறு வீட்டுக்குக் குடிபோனது, உன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது எல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். இப்போது பேப்பர் படிக்கிறாரா? சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே நாங்கள் நலம். பையனுக்கு மூன்று வயது முடியப் போகிறது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு வீட்டில் இப்போதே தொடங்கிவிட்டது.

உன் அக்கா பெண் இன்ஜினியரிங் சேர்ந்த சேதி படித்ததும்தான் உடனே பதில் எழுதத் தோன்றியது. ஹாஸ்டலிலிருந்து தினமும் போன் செய்து அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். "காலேஜ்தான் சுகமான காலம், வேலைக்குப் போய்ப் பார், அப்போ தெரியும்" என்று அவளிடம் சொன்னாயாம். அதை மட்டும் இனிமேல் சொல்லாதே. எல்லோரும் சொல்கிறார்கள் என்று நாமும் சொல்லிவிடுகிறோம், ஆனால் நம் வரையில் அது உண்மை இல்லை.

2010-இல் கிண்டியில் நடந்த கவுன்சிலிங்கை நினைத்துப் பார். நம் இரண்டு பேர் வீட்டிலும் காலேஜ் வாசலை முதலில் மிதித்தது நாம்தான். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை அந்த வருஷம்தான் வந்தது. அது இல்லையென்றால் அப்பா என்னை உள்ளூரிலேயே ஏதாவது ஒரு டிகிரியில் சேர்த்திருப்பார். சலுகை போக மீதிக்கும் ஹாஸ்டலுக்கும் பேங்க் லோன். பன்னிரண்டு வரை தமிழிலேயே படித்த கணக்கும் இயற்பியலும் ஒரே வாரத்தில் ஆங்கிலமாகிவிட்டன. கணக்கு போடத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்பதுதான் புரியாது. எழுந்து சந்தேகம் கேட்கவும் வாய் வராது. முதல் செமஸ்டரில் நாம் அழுதது ஹோம்சிக் மட்டும் இல்லை. நம்மை முட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அது.

மூன்றாவது செமஸ்டரில் எம் த்ரீ என்ற மூன்றாவது கணக்குப் பேப்பர் வந்தது. இன்டர்னல் 20, செமஸ்டர் 80, வருகை 75 சதவீதம் என்று நாள் முழுக்க யாராவது நம்மை ஒரு எண்ணால் அளந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பேப்பர் பெயிலாகி அரியர் நின்றால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. வேலை கிடைக்கவில்லை என்றால் லோனை யார் கட்டுவது? பேங்கில் நமக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்பா. ரிசல்ட் இரவில் ஒளித்து வைத்திருந்த ஒரே போனைச் சுற்றி அத்தனை பேரும் உட்கார்ந்திருப்போம், பல்கலைக்கழகத்தின் தளம் திறக்கவே திறக்காது. பத்தொன்பது வயதில் அந்த இரவில் நாம் சுமந்த பாரத்தை நான் இதுவரை எந்த ஆபீஸிலும் சுமக்கவில்லை.

அப்புறம் அந்த ஹாஸ்டல் கேட். நமக்கு ஆறு மணிக்கே மூடிவிடும், பையன்களுக்கு ஒன்பது. நாப்கின் வாங்கக்கூட அப்பா ஏடிஎம்மில் போடும் பணத்தில் கணக்குப் பார்த்தோம். பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டுப் போகவும் முடியாது, சர்டிபிகேட் எல்லாம் காலேஜ் அலமாரியில். "சுகமான காலம்" என்று நம்மோடு படித்த பையன்கள் சொன்னால் எனக்குப் புரியும். நாம் எப்படிச் சொல்ல முடியும்?

வேலைக்கு வந்தபோது எனக்கு முதலில் தெரிந்தது நிம்மதிதான். வேளச்சேரியில் மூன்று பேர் தங்கும் அறை, பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ். சாப்ட்வேர் ரிலீஸ் சமயத்தில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜர் சத்தம் போட்டிருக்கிறார். ஆனால் வேலையில் தவறு நடந்தால் யாரும் அப்பாவுக்குப் போன் செய்து சொல்வதில்லை. உட்கார்ந்து சரி செய்கிறோம், அடுத்த வேலைக்குப் போகிறோம். பிடிக்கவில்லையா, நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்க்கலாம். மாசம் பிறந்தால் என் பெயரில் சம்பளம். லோனின் கடைசித் தவணை கட்டிய அன்று அப்பா என்னிடம் ஒன்றும் பேசவில்லை, நேரே கடைக்குப் போய் எனக்குப் பிடித்த கோதுமை அல்வா வாங்கி வந்தார். வேலையில் உடம்பு களைக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். காலேஜில் களைத்தது உடம்பு இல்லை.

ஆனால் நீ "அப்போ தெரியும்" என்று சொன்னபோது எதை நினைத்துச் சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். பேக்டரியில் ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வந்து நீ அடுப்படியில் நிற்பதை நினைத்துச் சொன்னாய். எனக்கும் பையன் பிறந்த பிறகு எல்லாம் தலைகீழானது. 2017-இல் சட்டம் மாறியதால் 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. அதற்கு முன்னால் பிள்ளை பெற்றவர்களுக்கு 12 வாரம்தான். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் அதே சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. எங்கள் ஆபீஸில் அது இன்னும் வந்தபாடில்லை. 2019-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு நேரக் கணக்கு எடுத்தது. தங்கள் வீட்டு வேலையைச் செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், அப்படிச் செய்த ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம்! அதுவே ஒரு ஷிப்ட். நாம் வேலையைக் குறை சொல்லும்போது உண்மையில் குறை சொல்வது இந்த இரண்டாவது ஷிப்டைத்தான். இதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? நம் கஷ்டம் பெரிசு என்பதால் அவள் அழுகை சின்னதாகிவிடாது.

காலேஜ் எனக்குக் கொடுத்த ஒரே சுகம் நீதான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி, இம்மர்ஷன் ஹீட்டரில் வெந்நீர் போட்டு, எம் த்ரீயில் வந்த ஃபோரியர் சீரீஸை நீ தமிழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாயே, அப்படி ஒரு ஆள் ஆபீஸில் கிடைக்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள்தான். கம்பெனி மாறினால் பேச்சு நின்றுவிடுகிறது. இதில் மட்டும் காலேஜ் பக்கம்தான் ஜெயித்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போயிருப்பதால் கட்டணக் கவலை இல்லை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். அதை வீட்டுச் செலவுக்குக் கேட்க வேண்டாம் என்று அக்காவிடம் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். நமக்கு அந்த வயதில் கைக்காசு இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்று உனக்கே தெரியும். ஆங்கிலம் புரியாமல் அழுகிறாளா, அல்லது வேறு எதற்குமா என்று மெதுவாகக் கேள். ரூமில் யாராவது தொந்தரவு செய்தால் அது வேறு விஷயம், உடனே நேரில் போய்விடு. பாடம்தான் பிரச்சினை என்றால் பழைய கேள்வித்தாள்களை யூனிட் வாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்க்கச் சொல். ஒரு அரியர் விழுந்தாலும் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், அதற்காக யாரும் வீட்டில் திட்டப் போவதில்லை என்று அக்காவையே அவளிடம் சொல்லச் சொல். அதை அவள் அம்மா வாயால் கேட்க வேண்டும்.

என் நம்பரை அவளுக்குக் கொடு. ராத்திரி ஒன்பதரைக்குப் பையன் தூங்கிவிடுவான், அதற்கப்புறம் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். முதல் செமஸ்டர் கணக்கை நான் தமிழிலேயே சொல்லித் தருகிறேன். எந்த யூனிட்டில் நிற்கிறாள் என்று மட்டும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்