மெட்டு நம்முடையதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இராமேசுவரம் முதல் தொண்டி வரையிலான எங்கள் கடற்கரை ஊர்களில், கோயில் திருவிழாவானாலும் மாதா கோயில் கொடியேற்றமானாலும் சந்தனக்கூடானாலும், உள்ளூர்ப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய பாடல்கள் அண்மைக் காலமாக ஒலிபெருக்கியில் கேட்கின்றன. ஸ்டுடியோ வாடகையும் வாத்தியக்காரர் சம்பளமும் கட்டுப்படியாகாத இடத்தில் கைப்பேசி ஒன்றே போதும் என்றாகியிருப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால், புதியவர்கள் இதைத் தொடங்கும் முறை எனக்கு உடன்பாடாக இல்லை.

பெரும்பாலோர் பாட்டு உருவாக்கித் தரும் சூனோ, யூடியோ போன்ற செயலிகளில் "மீனவர் பாட்டு, தமிழ், குத்து" என்று நான்கு சொல் தட்டிவிட்டு, வருவதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். இச்செயலிகள் தாம் பயின்ற ஒலிப்பதிவுகளில் எது மிகுதியோ அதன் சாயலிலேயே பெரிதும் இசைப்பவை. ஆகவே எந்த ஊர்ப் பிள்ளை கேட்டாலும் திரையிசைச் சாயலில் ஒரே மாதிரிப் பாட்டே வருகிறது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஏற்றுப் பாடும் இடத்தில்தான் கயிறு இழுபடும். வலை கனத்தால் பாட்டு நிதானப்படும், மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்கினால் வேகமெடுக்கும். செயலி தரும் பாட்டிலோ தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே காலப்பிரமாணம், அதாவது ஒரே வேகம். ஏற்றுப் பாடுவோர் மூச்சே வாங்குவதில்லை. போதாக்குறைக்கு, யாரும் கேட்காமலேயே ஒரு புல்லாங்குழல் வேறு வந்து சேர்ந்துகொள்கிறது.

எனவே, தொடங்குவோர் சொந்த மெட்டிலிருந்து தொடங்க வேண்டும். கையால் தாளம் தட்டியபடி தாமே பாடிக் கைப்பேசியில் பதிவு செய்து, அப்பதிவைச் செயலியில் ஏற்றி, அதன்மேல் வாத்தியங்களைச் சேர்க்கச் சொல்லலாம். சூனோவில் இவ்வசதி உண்டு. வரிகளையும் தாமே எழுதி, பல்லவி, சரணம் என்று பிரித்து, அடிகள் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்குமாறு அமைத்தால் சொற்கள் சிதைவது குறையும். இராகத்தின் பெயரை எழுதிவிட்டால் அந்த இராகமே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பாடிக் காட்டினால்தான் சுரங்களை அசைத்துப் பாடும் கமகம் ஓரளவாவது பிடிபடும். வந்த பாட்டைக் குரல் வேறு, வாத்தியம் வேறாகப் பிரித்தெடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இயந்திரக் குரலுக்குப் பதிலாக உள்ளூர்ப் பாடகரின் குரலைச் சேர்த்துவிட்டால் இன்னும் நன்று.

இலவசக் கணக்கில் உருவாக்கிய பாடலை விற்கவோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தவோ சூனோவின் விதிகள் இடம் தருவதில்லை. தம் பதிவுகளை அனுமதியின்றிப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதாக யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய இசை நிறுவனங்கள் 2024 ஜூனில் சூனோ, யூடியோ ஆகிய இரண்டின் மீதும் வழக்குத் தொடர்ந்ததையும் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலை 'லால் சலாம்' படப் பாடலொன்றில் செயற்கை நுண்ணறிவால் மீட்ட ஏ.ஆர். ரகுமான், அவர்களுடைய குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார். அதே மரியாதை எங்கள் கரையில் அம்பா பாடும் பெரியவர்களுக்கும் உரியது; அவர்கள் பாடியதை அனுமதி கேளாமல் பதிவு செய்து செயலியில் ஏற்றுவது முறையன்று.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை சமுதாய வானொலியும் மாவட்டத்தின் பொது நூலகங்களும் இணைந்து, பெரியவர்களின் பாடல்களை அவர்கள் ஒப்புதலுடனும் பெயருடனும் பதிவு செய்வதற்கும், பிள்ளைகளுக்கு இந்தச் செயலிகளில் பயிற்சி தருவதற்கும் அந்நாட்களைப் பயன்படுத்த முன்வருமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்