அம்மாவின் மிஷினை எடைக்குப் போட வேண்டாம், மதினி

பினாங்கு

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. நம் பாப்பாவுக்குக் கர்ப்பத்தில் இது ஏழாம் மாதம் என்று படித்ததும் இவரிடமும் பிள்ளைகளிடமும் உரக்க வாசித்துக் காட்டினேன். ஆனால் அடுத்த பாராவில் ‘அத்தை மிஷின் சுற்றவே மாட்டேன் என்கிறது, பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குத்தான் உடனே பதில் எழுதுகிறேன். போட வேண்டாம். அந்த உஷா தையல் மிஷின் கெட்டுப்போகவில்லை, இறுகிப்போயிருக்கிறது. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும். கடிதம் என்றால் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டே கழற்றலாம்.

முதலில் சக்கரத்தை யாரும் பலம் கொண்டு திருப்பக்கூடாது, அண்ணனிடமும் சொல்லிவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மிஷின் தலையைப் பின்பக்கம் சாய்த்து, நடுப்பகலில் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். நம் ராஜபாளையத்து வெயில் இதற்கு நல்ல மருந்து. இரும்பு சூடேறினால்தான் உள்ளே பிசினாகிப்போன எண்ணெய் இளகும். பெரும்பாலும் இப்படி இறுகுவதற்குக் காரணம் தேங்காய் எண்ணெய்தான். கையில் கிடைத்தது என்று யாராவது விட்டிருப்பார்கள். அது நாளாக ஆக மஞ்சளாகிப் பசையாகிவிடும். எல்லா எண்ணெய்த் துளையிலும், ஒன்றோடொன்று உரசுகிற இடம் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக்கூடாது. காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் போதும், மறுபடி சொட்டு, மறுபடி அசைப்பு. மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் மிஷின் எண்ணெயே போதும், நாள்தான் கூடப் பிடிக்கும். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் கறுப்பாக வழிகிற அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, தண்ணீர் போல் தெளிந்த தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விடவேண்டும். மண்ணெண்ணெய் கழுவும், ஆனால் உராய்வைத் தாங்காது. அதோடு தைத்தால் இரும்பு தேய்ந்துவிடும். வெளியே பளபளப்புக்கு என்று ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம். அம்மா அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த தங்க நிறப் பூவேலை கரைந்துபோகும்.

அடுத்து ஊசி இறங்குகிற தட்டின் இரண்டு திருகாணியையும் கழற்றுங்கள். துணியை நகர்த்துகிற பல்லின் இடுக்கில் பஞ்சும் தூசியும் கம்பளி மாதிரி அடைந்திருக்கும். அது இருக்கும்வரை பல் மேலே எழும்பாது, துணி நகராது. பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். இடது பக்க மூடியை இழுத்து, அடிநூல் இருக்கிற பாபின் கேஸை எடுத்துவிட்டு, ஷட்டில் ஓடுகிற வளையத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அறுந்த நூல் ஒரு துண்டு அங்கே சுற்றிக்கொண்டாலே சக்கரம் நின்றுவிடும்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால் பயப்படாதீர்கள். பாபினில் நூல் சுற்றுவதற்காகத் தளர்த்துகிற, சக்கரத்தின் நடுத்திருகு இறுக்கப்படாமல் இருக்கும். இறுக்கியும் பிடிக்கவில்லையா, அந்தத் திருகுக்குப் பின்னால் உள்ள காது வைத்த வளையத்தை எடுத்து அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள்.

ஊசி புதிதாகத்தான் வேண்டும், பதினான்காம் நம்பர். அதன் தட்டைப் பக்கம் ஷட்டில் இருக்கிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்து நூல் கோக்க வேண்டும். இது மாறினால் ஒரு தையல்கூட விழாது. தையலில் பாதிக் கோளாறு ஊசியிலும் நூல் கோப்பதிலும்தான். அதைப் பார்க்காமல் நூலின் இறுக்கத்தை மாற்றுகிற டென்ஷனைத் திருகுகிறவர்கள்தான் அதிகம். துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் கோளாறு மேல் நூலில். துணியை அழுத்துகிற மிஷின் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலை மறுபடி கோத்துப் பாருங்கள். கால் இறங்கியிருக்கும்போது கோத்தால் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராது. பாபின் கேஸைச் சோதிக்க, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக உதறுங்கள். ஓரிரு இஞ்ச் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு வந்தால் சிறிய திருகைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் எதற்கு என்றால், பாப்பாவின் பிள்ளைக்கு அந்த மிஷினிலேயே ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும், மதினி. இந்த எண்ணம் எங்கள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் வந்தது. பேரன் பிறக்கப்போகிறான் என்று மாடிமாடியாக ஏறி, ஒவ்வொரு கதவையும் தட்டி உள்ளங்கை அகலத் துணி கேட்டார். பல வீட்டுத் துணியைச் சேர்த்துத் தைத்துப் பிள்ளையைப் போர்த்தினால் அத்தனை வீட்டு வாழ்த்தும் சேரும் என்பது சீனர்களின் பழைய வழக்கம். நான் என் பழைய சுங்கிடியிலிருந்து வெட்டிக் கொடுத்தேன். விநோதமான பாட்டி. என் மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் வந்து கதவைத் தட்டி, மலாயில் ‘எண்ணெய் விடு, எண்ணெய் விடு’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவர் சொல்வது எப்போதும் சரியாகவே இருக்கும்.

நீங்களும் சித்தி வீடு, பெரியம்மா வீடு, சம்பந்தி வீடு என்று கேட்டு வாங்குங்கள். பருத்தி மட்டும். பாலியஸ்டர் இஸ்திரிச் சூட்டில் சுருங்கி ஓரம் கோணிவிடும். சுங்கிடிச் சிவப்பும் நீலமும் சாயம் விடும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள், கறை ஏறினால் அது இந்தப் போர்வைக்கு ஆகாது. அம்மாவின் நூல் சேலைகள் நைந்திருக்கும். வெட்டுவதற்கு முன்னால் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால்தான் நூல் கோணாமல் வெட்ட வரும். நைந்த துண்டைப் புதுத் துணிக்குப் பக்கத்தில் வைத்தால் தையல் ஓரத்தில் பழையதுதான் கிழியும், அதனால் அடியில் மெல்லிய வாயில் துணி ஒன்று கொடுத்துத் தையுங்கள்.

அளவு இப்படி. வரிசைக்கு 7, மொத்தம் 49 துண்டு. ஒவ்வொன்றும் ஐந்தரை இஞ்ச் சதுரம். சுற்றிலும் கால் இஞ்ச் தையலில் போய்விடும், ஆக ஒன்று 5 இஞ்ச், முழுப் போர்வை 35 இஞ்ச். அந்தக் கால் இஞ்ச்தான் இதில் உயிர். இஞ்சுக்கு எட்டு நூல் என்கிற அளவுக் கணக்கில் அது இரண்டு நூல். தையல் அரை நூல் அகலமாகப் போனால் இரண்டு பக்கத் துண்டிலும் சேர்த்து ஒரு நூல் குறையும். வரிசைக்கு ஆறு தையல், முக்கால் இஞ்ச் போய்விடும். ஒரு வரிசை குறைந்து, அடுத்தது குறையாமல் இருந்தால் மூலைகள் சேரவே சேராது. அதனால் ஊசியை ஸ்கேலின் கால் இஞ்ச் கோட்டில் இறக்கி, ஸ்கேல் விளிம்பை ஒட்டித் தட்டின் மேல் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். துணி அதை இடித்துக்கொண்டே போகட்டும். சரிபார்க்க, ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து அளந்தால் நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச், மொத்தம் மூன்றரை இஞ்ச் வரவேண்டும். இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல் வையுங்கள்.

தைத்த பிறகு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்க வேண்டும், இழுத்துத் தேய்க்கக்கூடாது. இழுத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். முதல் வரிசையில் தையல் மடிப்பு எல்லாம் வலது பக்கம், இரண்டாவதில் இடது பக்கம். அப்போதுதான் வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொண்டு மூலை தானாகப் பொருந்தும்.

நடுவில் வைக்க இங்கே பருத்திப் பஞ்சு விரிப்பு வாங்குகிறோம். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம், அங்கேயே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி இருக்கிறது. துவைத்துச் சுருக்கிவிட்டு மூன்று அடுக்கு போடுங்கள். நெசவு நெருக்கமில்லாதது என்பதால் இரண்டு இஞ்சுக்கு ஒரு தையல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே சுருண்டுவிடும். அடித்துணியும் நடுத்துணியும் நாலு பக்கமும் நாலு இஞ்ச் பெரியதாக, 43 இஞ்ச் இருக்கட்டும். அடித்துணியைத் தரையில் இழுத்து டேப் போட்டு ஒட்டி, மேலே மற்றதைப் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். இங்கே கஞ்சத்தனம் பார்த்தால் அடியில் சுருக்கம் விழும். தையலை நடுவிலிருந்து வெளியே கொண்டுபோங்கள். இப்போது தையல் கொஞ்சம் நீளமாக, இஞ்சுக்கு எட்டு. மேலே உள்ள திருகைத் தளர்த்திக் காலின் அழுத்தத்தைக் குறையுங்கள். துணியைப் பின்னாலிருந்து இழுக்கவே கூடாது. ஊசி வளைந்து தட்டில் இடித்து ஒடியும். ஓரப்பட்டிக்கு இரண்டரை இஞ்ச் அகலத்தில் முழு அகலப் பட்டை நாலு வெட்டினால் சுற்றிலும் வந்து மிஞ்சும். ஒரு விஷயம், பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம். தரையில் விரித்துக் குப்புற விளையாடவிடத்தான் இது.

இங்கே என் மிஷின்கள் நலம். கறுப்பு மிஷினில்தான் இன்னும் துண்டு சேர்க்கிறேன். அதன் நேர்த்தையலுக்கு ஈடு கிடையாது. ஜூகி நிமிடத்துக்கு 1500 தையல் போடும், பெரிய போர்வை என்றால் அதுதான் இழுக்கும். அதை ஒருவர் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டிலும் இடம் அடைக்கிறது, கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காமல் மேஜைக்கு அடியில் ரப்பர் போட்டிருக்கிறேன். இந்த ஊரின் ஈரக்காற்றுதான் தொல்லை. தட்டைத் துடைக்காமல் விட்டால் துரு பூத்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும், அதனால் பருத்தித் துணியால்தான் மூடுகிறேன். கஞ்சி போட்ட துணியை எடுத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அன்றன்றைக்கு வேண்டியதற்கு மட்டும் கஞ்சி.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. லிட்டில் இந்தியாவில் முருங்கைக்கீரை, சுண்டைவற்றல் எல்லாம் கிடைக்கிறது. இவர் வேலையில் இப்போது ஓவர்டைம் இல்லாததால் வீட்டில் கொஞ்சம் ஓய்வாக இருக்கிறார், நல்லதுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போனோம். அவ்வளவு கூட்டத்திலும் நம் பக்கத்துப் பேச்சு ஒன்று காதில் விழுந்தது, திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு தைத்தாலும், மதினி, ‘காப்பி போடவா’ என்று கொல்லைக் கதவிலிருந்து ஒரு குரல் கேட்க மாட்டேன் என்கிறது. நீங்கள் மிஷினைச் சரிசெய்து முதல் தையல் போட்டதும் போனை அதன் பக்கத்தில் வைத்து எனக்குக் கேட்க விடுங்கள்.

வளைகாப்புக்கு அத்தை முறைக்கு நான் பணமாக அனுப்புவதைவிட, தைத்து அனுப்புவதுதான் பிள்ளைக்கு நிற்கும் என்று நினைக்கிறேன். பாத்திக் துணியில் பாப்பாவுக்கு ஒரு விரிப்பு முடிக்கும் நிலையில் இருக்கிறது. சென்னைக்கு வருகிறவர் ஒருவர் எடுத்துவருவார். அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளட்டும்.

அண்ணன் கேட்ட கையெழுத்து விஷயம். வீட்டுப் பட்டாவை மாற்ற அம்மாவின் வாரிசுச் சான்றிதழ் முதலில் வேண்டும், தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பித்தாயிற்றா? நான் நேரில் வர முடியாததால் அண்ணன் பெயருக்குப் பவர் எழுதித் தருகிறேன், அதில் எனக்கு எந்தத் தடையும் இல்லை. பத்திரம் எழுதுபவரிடம் நகல் எழுதி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். என் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே, இனிஷியலை விரித்து, அப்பா பெயரோடு இருக்க வேண்டும். கோலாலம்பூரில் இந்திய ஹை கமிஷனில் (தூதரகத்தில்) கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டும். அடுத்த மாதம் போகலாம் என்றிருக்கிறோம். அது அங்கே வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும், அண்ணன் அதைத் தள்ளிப்போடக்கூடாது. பங்கு பற்றிப் பெரியம்மா ஏதாவது சொன்னால் நீங்கள் பதில் பேச வேண்டாம், என்னிடம் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் எனக்கு வேண்டியது அந்த மிஷின் உங்களிடம் ஓடிக்கொண்டிருப்பது ஒன்றுதான். வீட்டு வரி ரசீதையும் நகலோடு சேர்த்து அனுப்புங்கள்.

பாப்பாவுக்கு என் முத்தம். அண்ணனுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்