ஆட்டுக்கொட்டில் போர்டுகள்

பரந்தன்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ கேட்ட கேள்விக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். முகம் சுருங்கியிருப்பாய். எனக்குப் போனில் கதைக்க வராது என்று உனக்குத் தெரியும்தானே. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்தே பழகியவன். அதனால்தான் எழுதுகிறேன். கராச் பெடியன் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். கையெழுத்து விளங்காவிட்டால் அம்மாவிடம் கேள், அவவுக்குத்தான் என் கையெழுத்து விளங்கும்.

பெரிய கார்க் கம்பனி வேலையை விட்டுவிட்டு, இருபது முப்பது பேர் வேலை செய்யும் ஒரு ரேஸ் அணிக்குப் போகப்போகிறேன் என்கிறாய். அம்மாவுக்கு ரேஸ் என்றால் தியத்தலாவைதான். 2024 சித்திரையில் அங்கே கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் செத்ததை ரி.வியில் பார்த்ததிலிருந்து அவவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. "அவள் ஓடப்போகிறாளா, பூட்டிக் கொடுக்கத்தானே போகிறாள்" என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன். எனக்கு அந்தப் பயம் இல்லை. எனக்கிருந்தது வேறு பயம். மாதச் சம்பளமும் பென்சனும் இருக்கிற இடத்தை விட்டு, சொந்தமாய் நடத்துகிற கராச்சுக்குப் போகிறாளே என்ற பயம். அப்படி ஒரு கராச்சை நடத்துகிறவன் நான் என்பதால்தான் அந்தப் பயம்.

"இந்த மாதிரி இடம்தான் அப்பா" என்று நீ ஒரு பெயர் சொன்னாயே, வெஸ்ட் சரே ரேசிங், அதைப் பற்றி மூன்று இரவு பெடியனை வாசிக்க வைத்துக் கேட்டேன். அவன் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நானும் இடையிடையே மறித்துக் கேள்வி கேட்டேன். பாவம், மூன்றாம் நாள் அவனுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

அந்த அணியைத் தொடங்கிய டிக் பெனட்ஸ் என்ற மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த மெக்கானிக். 1981இல் அந்த அணி தொடங்கிய வருடமே ஜொனதன் பாமர் அவர்களுடைய காரில் பிரிட்டிஷ் ஃபோர்முலா 3 பட்டத்தை (ஒற்றைச் சீட் ரேஸ் கார்களின் போட்டி) வென்றிருக்கிறார். பிறகு 1983இல் செனா. அயர்ட்டன் செனா என்ற பெயர் எனக்கே தெரியும், நம் ஊரில் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாய் மிதிக்கிறவனுக்கு ஒரு காலத்தில் அந்தப் பட்டம்தான். அந்த வருடம் முதல் ஒன்பது ஓட்டமும் வரிசையாய் அவர் வென்றாராம். அதன்பின் மார்ட்டின் பிரண்டில் துரத்தித் துரத்தி வந்து, கணக்குக் கடைசி ஓட்டம் வரை இழுபட்டிருக்கிறது.

அந்தக் கடைசி ஓட்டத்தைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். நீ படித்திருப்பாய், ஆனாலும் நான் சொல்லும்போது கேள். தரக்ஸ்டன் என்ற இடம். ஒயில் கெதியாய்ச் சூடேற வேண்டும் என்பதற்காக ஒயில் ரேடியேட்டரின் காற்று வெளியேறும் வழியை டேப் போட்டு மூடிவிட்டார்கள். சூடேறியதும் அந்த டேப்பைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் போய்விடும். யார் கழற்றுவது? ஓடிக்கொண்டிருக்கும் காரில், சீட் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, கையை வெளியே நீட்டிச் செனாவே பிய்த்து எறிந்தாராம். காரும் ஒரு ஆட்டம் ஆடியதாம். அந்த ஓட்டத்தையும் வென்று பட்டத்தையும் எடுத்தார்.

இதைக் கேட்டதும் நான் எழும்பி வெளியே போய்விட்டேன். பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு என் கதை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது, நீ பிறக்கமுன் நடந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இங்கே மருந்து மாதிரி. சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்துக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவோம். எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் சூட்டில்தான் ஆவியாகும். எஞ்சின் கொஞ்சம் குளிர்ந்தாலும் புகை, இருமல், பிறகு நடுறோட்டில் நிற்க வேண்டியதுதான். மாரி காலத்தில் அந்தச் சூட்டைக் காப்பதே பெரிய பாடு. அதற்கு ரேடியேட்டருக்கு முன்னால் யூரியாச் சாக்கைக் கட்டுவேன். 1997இல் ஒருநாள் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஒன்றில் மாங்குளத்திலிருந்து மல்லாவிக்குப் போகிறேன். சாக்கை அவிழ்க்க மறந்துவிட்டேன். பாதி வழியில் தண்ணீர் கொதித்து மூடி பறந்தது. செனா ஓடியபடியே கழற்றினார், நான் இறங்கி நின்று கை சுட்டுக் கழற்றினேன். வித்தியாசம் அவ்வளவுதான் (சரி, இன்னும் கொஞ்சம் இருக்கிறது). ஆனால் அந்த டேப்பை ஒட்டியவனின் மனதை எனக்குத் தெரியும்.

கூகல்மின், ஹக்கினன், பரிக்கெல்லோ என்று அதற்குப் பின்னும் ஃபோர்முலா 3 பட்டங்கள் வந்திருக்கின்றன. அது ஒரு நல்ல காலம், அதை விடு. எனக்கு வேண்டியது 1996இலிருந்து. அந்த வருடம்தான் அவர்கள் டூரிங் காருக்கு மாறினார்கள். கடையில் விற்கிற காரின் உருவம், உள்ளே வேறு சாமான். முதலில் ஃபோர்ட் கம்பனி மொண்டியோவைக் கொடுத்தது. அது பெரிதாய் ஓடவில்லை. 1998இல் முன்னாள் ஃபோர்முலா 1 உலகச் சம்பியன் நைஜல் மான்செலைக் கூட்டிவந்து சில ஓட்டங்கள் ஓட விட்டார்கள். டொனிங்டனில் மழைக்குள் பின்னாலிருந்து முன்னுக்கு வந்து சனத்தை எழுப்பிவிட்டு, கடைசியில் ஐந்தாவதாய் வந்தார். பிறகு ஃபோர்ட் போய்விட்டது. அடுத்தது ஹொண்டா அக்கோர்ட். அதுவும் போனது. 2001இல் எம்.ஜி. அந்தக் கம்பனி 2003 முடிவில் பணத்தை நிறுத்தியது. இவர்கள் அதே கார்களைக் கம்பனிக் காசு இல்லாமலே 2004இலும் ஓட்டினார்கள். 2005 சித்திரையில் எம்.ஜி ரோவர் கம்பனியே விழுந்துபோனது. அதற்குப் பிறகும் 2006 வரை அந்தக் காரை ஓட்டியிருக்கிறார்கள். செய்த கம்பனி இல்லை, கார் ஓடுகிறது! இதைக் கேட்டுப் பெடியன் சிரித்தான். நான் கராச்சுக்குப் பின்னால் நிற்கும் பழைய லான்ட்மாஸ்டர் உழவு மிசினைக் காட்டினேன்.

இப்போது ஆட்டுக்கொட்டிலுக்கு வருகிறேன். அதன் பின்சுவரில் இரண்டு தகரப் போர்டும் கூரையில் ஒன்றும் இருப்பது உனக்கு நினைவிருக்கும். சின்னதில் அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் நீ இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினாய். 2008 கடைசியில் இடம்பெயர்ந்து வெளிக்கிடும்போது ஸ்பனர் சாவிப் பெட்டியைக் கிரீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, கிணற்றடியில் தாட்டுவிட்டுத்தான் வந்தேன். செட்டிக்குளம் முகாமிலிருந்து திரும்பி வந்து தோண்டினால் பெட்டி துருப்பிடித்திருந்தது, சாவிகள் இருந்தன. அதை வைத்துத்தான் மறுபடி தொடங்கினேன். அதே நேரம் ஏ9 பாதை நெடுகக் கம்பனிகள் வந்தன. ஒருத்தர் வந்து "எங்கள் ஏஜென்சி எடுங்கள்" என்று போர்டு மாட்டினார், இரண்டு வருடத்தில் கிளிநொச்சியில் பெரிய ஷோரூம் போட்டார்கள், என்னை மறந்துபோனார்கள். இன்னொருத்தர் வந்தார், அந்த மோட்டார் சைக்கிளே நாட்டுக்கு வருவது நின்றுபோனது. மூன்றாவது கம்பனிதான் மோசம். உத்தரவாதத்தில் திருத்திக் கொடுத்த வண்டிகளுக்கு ஐந்து மாதக் கூலி தரவில்லை, பேரைச் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும். போர்டைக் கழற்றிக் கொண்டுபோக ஆள் அனுப்பினார்கள். கூலியைத் தந்துவிட்டுப் போர்டைக் கொண்டுபோ என்றேன். ஆடு இன்றைக்கும் அதற்குக் கீழேதான் மழைக்கு ஒதுங்குகிறது.

அந்த வருடங்களில் நான் உடைந்துபோய் இருந்ததை நீ கண்டிருப்பாய். நான் ஒரு தோற்றுப்போன ஆள், ஒரு கம்பனியும் என்னோடு நிலைக்கவில்லை என்று நினைத்தேன். பெனட்ஸின் கதையைக் கேட்கும்போதுதான் இது இந்தத் தொழிலின் சுபாவமே என்று பட்டது. கார் அவருடையது அல்ல. பெயர் அவருடையது அல்ல. நிறம்கூட விளம்பரம் தருகிறவனுடையது. அவரிடம் இருந்தது பூட்டத் தெரிந்த ஆட்களும் ஒரு கொட்டிலும்.

2007இல் பி.எம்.டபிள்யூ 320எஸ்ஐ எடுத்தார்கள். பின்சில்லுத் தள்ளும் கார். மற்றவர்களில் பெரும்பாலானோர் முன்சில்லு இழுக்கும் காரில் நிற்கும்போது, வெளிக்கிடும் இடத்தில் இதற்கு ஒரு எட்டு முன்னால். 2009இல் கொலின் டர்க்கிங்டன், வட அயர்லாந்துப் பெடியன், பிரிட்டிஷ் டூரிங் கார்ப் பட்டம் வென்றான். அடுத்த வருடம் அவனுக்கு அங்கே ஓட இடமில்லை! காசு கொடுத்த விளம்பரக் கம்பனி விலகிவிட்டது. பட்டம் வென்றவன், ஓடக் கார் இல்லை. இந்த இடத்தைத்தான் நீ இரண்டு தரம் வாசிக்க வேண்டும் பிள்ளை. 2013இல் திரும்பி வந்தான், 2014இல் பி.எம்.டபிள்யூ 125ஐ எம் ஸ்போர்ட்டில் வென்றான், மறுபடி வேறு அணிக்குப் போனான், 2017இல் மறுபடி வந்தான், 2018இலும் 2019இலும் வென்றான். நான்கு பட்டமும் இந்த ஒரே கராச்சிலிருந்து.

2019 கடைசி நாளைப் பெடியள் எல்லோரும் சேர்ந்து போனில் பார்த்தோம். பிரண்ட்ஸ் ஹட்ச் என்ற ரேஸ் பாதை. இரண்டாம் ஓட்டத்தில் இவனை இடித்துப் பின்னுக்கு எறிந்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்றாவது ஓட்டம் முடியப்போகும் நேரம், புள்ளியில் முன்னால் நின்ற டான் கமிஷின் ஹொண்டாவில் பிறேக் போய்விட்டது. கார் நேரே போய் அடித்தது. 2 புள்ளியில் டர்க்கிங்டனுக்குப் பட்டம். பெடியள் கத்தினார்கள். எனக்குக் கத்த மனம் வரவில்லை. அந்தப் பிறேக்கைப் பூட்டியவன் அன்று இரவு எப்படிப் படுத்திருப்பான் என்றுதான் யோசித்தேன். அவன் ஒரு பிழையும் விட்டிருக்க மாட்டான், இரும்பு சில நேரம் தன் பாட்டில் போகும். ஆனாலும் படுத்திருக்க மாட்டான். நீ அந்த இடத்தில் ஒருநாள் நிற்பாய் என்பதையும் தெரிந்துகொண்டு போ.

இன்னொன்று. அந்தக் காலத்தில் வென்றவன் காரில் அடுத்த ஓட்டத்துக்கு 75 கிலோ வரை பாரம் ஏற்றுவார்களாம். ஒரு மூட்டை நெல்லு! 2022இலிருந்து 2024 வரை, எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் கார்கள் ஓடியபோது, பாரத்துக்குப் பதிலாய் முன்னால் நிற்பவனுக்கு மின்சக்தி பாவிக்கும் நேரத்தைக் குறைத்தார்களாம். அம்மாவுக்கு அந்தப் பாரக் கதைதான் பிடித்தது. "எங்களுக்கு வெல்லாமலே ஏற்றினார்கள்" என்றா. 2024இல் ஜேக் ஹில் வென்றதும் இவர்கள் கட்டிய பி.எம்.டபிள்யூவில்தான் என்று பெடியன் சொன்னான்.

சரி, என் பதில். போ. ஆனால் சேருமுன் மூன்று விஷயம் கேட்டுக்கொள். ஓட்டங்கள் இல்லாத மாரி மாதங்களில் சம்பளம் யார் தருவது? விளம்பரக் காசு நடுவில் நின்றால் என்ன செய்வார்கள்? அதை முதலாளியிடம் கேட்காதே, அங்கே பத்து வருடமாய் நிற்கும் ஒருவரிடம் கேள். அப்படிப் பத்து வருடம் நின்ற ஆள் ஒருவரும் இல்லாவிட்டால் அதுவே பதில். மூன்றாவது, உன்னைக் கணினிக்கு முன்னால் மட்டும் இருத்தாமல் வெல்டிங்கும் கடைசலும் பழக விடுவார்களா என்று கேள். கார் மாறும்போது கணினியில் உள்ளதும் மாறிவிடும். வெல்டிங் எந்தக் காருக்கும் ஒன்றுதான்.

காரில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துப் போகாதே. அதற்குத்தான் ஆட்டுக்கொட்டில் கதையை இவ்வளவு நீட்டினேன்.

அம்மா மிளகாய்த்தூள் இரண்டு கிலோவும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறா, அடுத்த மாதம் வரும் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவோம். போன தரம் முறிகண்டியில் கச்சான் வாங்கி அனுப்பியது நமுத்துவிட்டது என்றாய், இந்த முறை போத்தலில் போட்டு அனுப்புகிறோம். இரணைமடு இந்த வருடம் நிறைந்தது, சித்தப்பா சிறுபோகத்துக்கு விதைத்துவிட்டார். அவருடைய உழவு மிசின் இப்போதும் என்னிடம்தான் கிடக்கிறது, கியர்ப் பெட்டி பிரித்தபடி.

நீ அந்த அணியைப் பார்க்கப் போகும் நாளில் காரைப் படம் எடுக்க வேண்டாம், கார்ப் படம் எங்கேயும் கிடைக்கும். அவர்களுடைய கராச்சின் நிலத்தைப் படம் எடுத்து அனுப்பு. வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு எடு.

அப்பா