எலும்பு வலிக்கு ஹார்மோன் சிகிச்சையும் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய் வலி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மார்ஃபின் என்ற வலி மருந்தின் மீதுள்ள வீண் பயத்தைப் போக்கியது நல்ல காரியம். ஆனால் ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு, வலியின் வேரிலேயே கைவைக்கும் ஹார்மோன் சிகிச்சை பற்றி ஒரு வரிகூட இல்லை. புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் புற்று பெரும்பாலும் டெஸ்டோஸ்டீரான் என்ற ஆண் ஹார்மோனை நம்பி வளர்வது. அது உடம்பில் சுரப்பதை நிறுத்தினால் நோய் அடங்கும், வலியும் தணியும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941-இல் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று அதற்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடும் ஊசிகள் உண்டு. இல்லாவிட்டால் விதைகளை எடுத்துவிடும் சிறிய ஆபரேஷன். ஒரே தடவைதான், செலவும் குறைவு. புரண்டு படுக்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்த ஒரு பெரியவர், ஆபரேஷன் முடிந்த சில நாளில் தானே எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இந்த வயசுல அப்பாவுக்கு இந்தக் கேவலம் வேணுமா?" என்று கேட்டு, முனகிக்கொண்டிருந்த மனிதரை அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஊசியில் ஒரு விஷயத்தை வீட்டார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பல ஊசிகளில் முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் குறைவதற்குப் பதில் ஏறும், வலியும் கூடலாம். 'ஊசி ஒத்துக்கலை' என்று அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஏற்றம் பாதிக்காமலிருக்கத்தான் பைகலுட்டமைடு போன்ற மாத்திரையை முன்கூட்டியே தருகிறார்கள். அதை விடாமல் சாப்பிட வேண்டும்.

சரி, குறையே இல்லையா? உண்டு. உடம்பு திடீரென்று கொதிக்கும், சோர்வு வரும், நாளடைவில் எலும்பு மெலியும். சில ஆண்டுகளில் நோய் இதற்கும் அடங்காமல் போகலாம், அப்போது வேறு மருந்து சேர்ப்பார்கள். ஹார்மோனைச் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும்.

அப்புறம், முதுகுவலியோடு கால் மரத்தாலோ, வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையாவது அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி