சிமலுங்குன் கலப்பு மொழி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வடக்கு சுமத்ராவின் பத்தாக் மொழிகளைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் சிமலுங்குன் மொழியை, தோபா, கரோ என்ற வேறு இரண்டு பத்தாக் மொழிகள் கலந்து உண்டான மொழி என்று எழுதியிருந்தது மனதை உறுத்தியது. பெமாத்தாங் சியந்தார் நகரில் சில ஆண்டுகள் குடியிருந்தவன் நான். அங்கே எனக்கு வீட்டை வாடகைக்கு விட்ட அம்மா சிமலுங்குன் இனத்தவர். கடைத்தெருவில் பழகிய தோபா வழக்கப்படி மரத்தை 'ஹாவு' என்று சொன்னால், 'ஹாயு' என்று உடனே திருத்துவார்.

மேலோட்டமாகப் பார்த்தால் கலப்பு என்றுதான் தோன்றும். பத்து என்பதற்குக் கரோவில் 'செப்புலுஹ்', சிமலுங்குனில் 'சப்புலுஹ்', தோபாவில் 'சம்புலு'. ஆறு என்பதற்கோ கரோவில் 'எனெம்', மற்ற இரண்டிலும் 'ஒனொம்'. மனிதனைக் கரோக்காரர் 'கலாக்' என்பார். மற்ற இருவரும் 'ஹலாக்' என்பார்கள். சரி, இதில் எதை வைத்து உறவைத் தீர்மானிப்பது? பத்தின் கடைசியில் வரும் ஹகரம் மூதாதை மொழியின் பழைய ஒலியிலிருந்து வந்தது. தோபா அதை இழந்துவிட்டது, அவ்வளவுதான். பாட்டன் நிலத்தை விற்காமல் வைத்திருக்கும் இரண்டு பேரப்பிள்ளைகள் அதனாலேயே உடன்பிறந்தவர்கள் ஆகிவிடுவதில்லை. 'ஒனொம்', 'ஹலாக்' இரண்டும் அப்படியல்ல. அவை பின்னால் வந்த மாற்றங்கள். தோபாவும் சிமலுங்குனும் பகிர்ந்துகொண்டவை, கரோவில் இல்லாதவை. நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனதைப் போல.

மொழியியலாளர் அலெக்சாண்டர் அடெலார் 1981இல் இதைத்தான் முறைப்படி நிறுவினார்: சிமலுங்குன் தோபாவைப் போலவே பத்தாக் மொழிகளின் தெற்குக் கிளையைச் சேர்ந்தது, தோபாவும் அதே கிளையின் இன்னொரு மொழியான மண்டைலிங்கும் பிரியும் முன்பே அது தனியாகப் பிரிந்துவிட்டது. அதனால்தான் தோபா இழந்த சிலது அதில் இன்னும் இருக்கிறது. நெருப்புக்குத் தோபாவில் 'அப்பி', சிமலுங்குனில் 'அப்புய்'. தூரத்து உறவான பிலிப்பைன்சின் தகலாகு மொழியிலும் 'அப்பொய்' என்பார்கள்!

இது ஏட்டோடு நிற்கிற விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 1903இல் சிமலுங்குன் நாட்டுக்கு வந்த ஜெர்மானிய மிஷனரிகளின் காலத்தில், பள்ளியிலும் தேவாலயத்திலும் தோபா மொழியே புழங்கியது. நெருங்கிய மொழிதானே, புரிந்துகொள்வார்கள் என்ற எண்ணம். ஆனால் மக்களுக்குச் சொந்த மொழியில் ஜெபிக்க வேண்டியிருந்தது. அவர்களுள் முதல் போதகரான விஸ்மார் சராகி 1936இல் சிமலுங்குன் அகராதியையே வெளியிட்டார். 1963இல் அவர்களுடைய திருச்சபை தனியாயிற்று. இவ்வளவு பாடுபட்டுக் காத்த மொழியைக் கலப்பு என்று சொல்வது பெரிய அநியாயம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், மதுரை