சுக்கினியைப் பிழியச் சொல்ல மறந்துவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'ஆரோக்கியமான சுக்கினி (வெள்ளரிபோல் இருக்கும் பூசணி வகைக் காய்) கேசரோல்' சமையல் குறிப்பு பார்த்தேன். நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தியைச் சூடாக வைக்கும் டப்பாதானே, திருச்சியிலிருந்து அம்மா போன் பண்ணி, "அதைப் போய் ஓவனுக்குள்ள வைக்கச் சொல்றாங்களே, உருகிடாதா?" என்று கேட்டார். ஓவனில் வேகும் பண்டத்துக்கும் அந்தப் பெயர் உண்டு என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

என் குறை வேறு. நான் இருப்பது நியூ ஜெர்சி, கொல்லையில் மூன்று சுக்கினிச் செடி. கோடையில் காய்த்துத் தள்ளும். அக்கம்பக்கத்து வாசலில் யாருக்கும் தெரியாமல் சுக்கினியை வைத்துவிட்டு வருவதற்கென்றே இங்கே ஆகஸ்ட் 8-ஐ விளையாட்டாக ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் கேசரோல் செய்து நிறையவே சொதப்பியிருக்கிறேன்.

சுக்கினியில் 95 சதவீதம் தண்ணீர். உங்கள் குறிப்புப்படி நறுக்கி அப்படியே அடுக்கினால் கிடைப்பது கேசரோல் இல்லை, சீஸ் மிதக்கும் ரசம். அரை கிலோ காயைத் துருவி, அரை ஸ்பூன் உப்பு பிசிறி இருபது நிமிடம் விட்டு, வேட்டித் துணியில் போட்டு முறுக்கிப் பிழிய வேண்டும். வரும் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம், மாவுக்குத் தனியாக உப்பு வேண்டாம். அப்புறம் வதக்கிய வெங்காயம், பூண்டு, மிளகு, இரண்டு முட்டை, மிச்ச ஈரத்தை இழுக்க ஒரு கைப்பிடி வெந்த சாமை, மேலே கொஞ்சம் சீஸ். 190 டிகிரியில் முக்கால் மணி நேரம். எடுத்ததும் வெட்டாதீர்கள், பத்து நிமிடம் ஆறட்டும்.

இன்னொன்று, டின்னில் வரும் காளான் க்ரீம் சூப்பை ஊற்றச் சொல்லிவிட்டு ஆரோக்கியம் என்று எப்படித் தலைப்பு வைத்தீர்கள்? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், சாதாரண டின் ஒன்றே அதை எட்டிப்பிடித்துவிடும். கெட்டித் தயிர் போதாதா?

கசப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. சுரைக்காயை நறுக்கும்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்ப்போமே, சுக்கினிக்கும் அது வேண்டும், குறிப்பாக வீட்டில் விதை எடுத்துப் போட்ட செடி என்றால். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் வேகவைத்தாலும் போகாது. 2015-ல் ஜெர்மனியில் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள், இதையாவது முதல் வரியில் போடுங்கள்.

- ஒரு வாசகி, நியூ ஜெர்சி